வீச்சுவலைக்கு ஈயமணி வார்ப்பு: கேள்வி-பதில்

நானே வார்த்த மணிகளைக் கட்டிய பிறகு வீச்சுவலை வட்டமாக விழுவதில்லை, வாழைப்பழம் மாதிரி விழுகிறது. மணி பிழையா? (புதுக்குடியிருப்பு)

வலை எத்தனை அடி, மணி எத்தனை கிராம், எவ்வளவு இடைவெளி என்று ஒன்றும் எழுதவில்லை. இப்படி எழுதினால் சாத்திரம்தான் சொல்லலாம். இருந்தாலும் சொல்கிறேன். முதலில் பிழை கையிலா மணியிலா என்று பாருங்கள். மணிக்கயிற்றில் ஓரிடத்தில் சிவப்புத் துணித்துண்டு ஒன்றைக் கட்டி, ஒவ்வொரு முறையும் பிடியை மாற்றிப் பிடித்துப் பத்துத்தரம் தரையில் வீசுங்கள். மடிந்து விழும் பக்கம் துணியோடு சேர்ந்து சுற்றி வந்தால் பிழை மணியில். துணி எங்கே போனாலும் உங்கள் இடப்பக்கமே மடிந்தால் பிழை கையில். மணியை ஏசவேண்டாம்.

மணிதான் என்றால் அறுத்தெடுத்து நகைத் தராசில் நிறுங்கள். 13 கிராம் மணியில் ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் வலைக்குத் தெரியாது. பாரமானதெல்லாம் ஒரு பக்கம் சேர்வதுதான் கெடுதி. வார்த்த ஒழுங்கிலேயே கோர்த்தால் அப்படித்தான் சேரும்: அச்சு ஆறியிருந்தபோது வார்த்த பொக்கு மணிகள் ஒரு முழத்திலும், சூடேறிய பிறகு வார்த்த நிறைவான மணிகள் மற்ற முழத்திலும் வரும். எல்லாவற்றையும் ஒரு வாளியில் கொட்டிக் கலந்துவிட்டுக் கோருங்கள். நடுவிலிருந்து விளிம்புவரை 6 அடி உள்ள வலைக்குச் சுற்று ஏறக்குறைய 38 அடி. 2 அங்குலத்துக்கு ஒன்று என்றால் 230 மணி, மொத்தம் 3 கிலோ. 9 மில்லிமீற்றர் தடிப்பும் 20 மில்லிமீற்றர் நீளமும் 3 மில்லிமீற்றர் துளையும் உள்ள மணி 13 கிராமுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும்.

மணியின் மேல் கிழவி முகம்போலச் சுருக்கம். (முள்ளியவளை)

அச்சு குளிர். முதல் ஐந்தாறு வார்ப்பை எண்ணாமல் திரும்பச் சட்டிக்குள் போடுங்கள். பிறகும் சுருங்கினால் ஈயம் குளிர். ஈயம் 327 பாகையில் உருகும், வார்க்க 370 அளவு வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் நன்றாகக் காய்ந்த ஈர்க்கு ஒன்றைத் தோய்த்துப் பார்க்கலாம். மெல்லப் புகைந்து கருகினால் சரி, உடனே தீப்பற்றினால் சூடு மிஞ்சிவிட்டது. கசடு வழித்த முகத்தில் நீலமும் ஊதாவும் ஓடினாலும் அதே கதைதான், விறகை இழுங்கள். மணி வெள்ளைபூத்து மங்கலாக வந்தால் அச்சின் சூடு கூடிவிட்டது. வலைக்கு அதனால் நட்டமில்லை.

அச்சுக்குத் தேங்காயெண்ணெய் பூசலாமா? (மாங்குளம்)

வேண்டாம். எண்ணெய் ஆவியாகி மணியில் குழி விழும். மண்ணெண்ணெய் விளக்குப் புகையை மெல்லிசாகப் பிடித்துவிட்டால் போதும்.

துளைக்கு வைத்த கம்பி இறுகிக் கழல்வதே இல்லை. சைக்கிள் கம்பிதான் பாவிக்கிறேன். (ஒட்டுசுட்டான்)

சைக்கிள் கம்பி 2 மில்லிமீற்றர். கம்பி கழன்றாலும் உங்கள் 3 மில்லிமீற்றர் நைலோன் அந்தத் துளையால் எப்படிப் போகும்? வெல்டிங் குச்சியில் 3.2 தடிப்பானதை எடுத்து, மேற்பூச்சைத் தட்டி உதிர்த்து, அரத்தாளால் தேய்த்து, ஒரு நுனியைச் சற்றுக் கூராக்குங்கள். விளக்குப் புகையில் கறுக்கப் பிடித்துவிட்டு வையுங்கள். ஈயம் ஆறும்போது சுருங்கிக் கம்பியைக் கவ்வும். ஆகவே முகம் இறுகியவுடன் குறட்டால் திருகி இழுக்கவேண்டும், தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து இழுக்கக்கூடாது. துளை வாயில் விளிம்பு கூராக நின்றால் பெரிய துளையாணி ஒன்றைக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். அந்த விளிம்புதான் கயிற்றை அறுப்பது.

பழைய வலை மணிகளை உருகிய ஈயத்துக்குள் போட்டேன், வெடித்துச் சிதறிவிட்டது. மணிக்குள் ஏதும் இருந்ததா? (வட்டுவாகல்)

தண்ணி இருந்தது. துளைக்குள் கயிற்று நார், உப்பு, ஈரம் எல்லாம் நிற்கும். தண்ணி ஆவியாகும்போது ஆயிரத்தைந்நூறு மடங்குக்கு மேல் விரியும், மேலே கிடக்கும் ஈயத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் வெளியே வரும். பழைய மணியைக் குளிர்ந்த சட்டியில் போட்டு, அதன்பிறகு நெருப்பு மூட்டுங்கள். இடையில் சேர்க்கவேண்டுமென்றால் சட்டி விளிம்பில் அரை மணித்தியாலம் சூடுகாட்டிச் சேருங்கள். ஈர அகப்பை, ஈர அச்சு, நெற்றி வியர்வை எல்லாம் ஒன்றுதான். முதிரைப் பலகையில் அச்சு வெட்டுகிறவர்களுக்கும் சொல்கிறேன், பச்சை மரம் குமிழ்விடும். மழை தூறும்போது வார்க்கவேண்டாம். சப்பாத்து, நீளக் களிசான், கண்ணாடி மூன்றும் வேண்டும். செருப்போடு வார்க்கிறவர்கள் எனக்குக் கடிதம் போடவேண்டாம்.

காணி துப்புரவாக்கும்போது பழைய சன்னங்கள் (துப்பாக்கிக் குண்டுகள்) நிறைய வருகின்றன. ஈயம் விலைப்பட்டிருக்கிறது. அவற்றை உருக்கி மணி வார்க்கலாமா? (பெயரும் ஊரும் வேண்டாமென்று எழுதியவர்)

கூடாது. இந்தக் கேள்வி எத்தனை முறை வந்தாலும் இதுதான் பதில்.

முதலில் கணக்கைப் பாருங்கள். சாதாரண 7.62 மில்லிமீற்றர் சன்னம் 8 கிராம் அளவு. அதில் வெளியே உலோக உறை, பலவற்றில் நடுவே உருக்கு ஊசி, இரண்டுக்கும் இடையில் மெல்லிய ஈயப் படை. ஒரு வலைக்கு 3 கிலோ சேர்ப்பதற்கு எத்தனை நூறு பொறுக்குவீர்கள்? ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை குனிந்து மண்ணைக் கிளறவேண்டும். வன்னி மண்ணில் கிளறுவது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது, வெடித்தது எது, வெடிக்காதது எது என்று துருவேறியபின் கண்ணால் பிரிக்க முடியாது. வெற்றுச் சன்னம் என்று எடுப்பதில் ஒளிவிட்டுப் போகும் வகை இருக்கும், அதன் வாலில் எரிமருந்து இருக்கும். பெரிய சுடுகலன்களின் சன்னங்களில் எரிகிறதும் வெடிக்கிறதும் உண்டு. எறிகணையின் முனைப்பகுதி கையளவுப் பித்தளைத் துண்டாகக் கிடக்கும், அதையும் ‘நல்ல பாரம்’ என்று சாக்கில் போடுகிறார்கள். ஒன்றும் இல்லாத சன்னமென்றாலும் உறைக்குள் அடைபட்ட ஈயம் உருகி விரிந்து, அடிப்பக்கத்தால் பீச்சும். நெருப்புக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறவரின் முகம் எந்த உயரத்தில் இருக்கும்?

யுத்தம் முடிந்தது 2009இல். மண்ணுக்குள் கிடக்கிறதுக்கு அது தெரியாது. கண்டால் தொடவேண்டாம், அடையாளத்துக்குத் தடி குத்தவேண்டாம். வந்த காலடியிலேயே திரும்பி, பொலிஸ் அவசர இலக்கம் 119க்கோ பக்கத்தில் வேலைசெய்யும் மிதிவெடி அகற்றும் குழுவுக்கோ சொல்லுங்கள். பழைய இரும்புக்காரரின் குவியலில் பொறுக்குவதும் இதே ஆபத்துத்தான். பிள்ளைகளைக் காசுக்குப் பொறுக்க அனுப்புகிறவர்களுக்கு என்னிடம் வேறு சொல் இருக்கிறது, அச்சில் போட முடியாது.

ஈயம் வேண்டுமென்றால் பழைய வலை மணி, அல்லது கடையில் ஈயத்தகடு.

பற்றரித் தகடு? (பாண்டியன்குளம்)

அதுவும் கூடாது. அமிலம் ஊறிய சேறு பாதி, ஈயம் பாதி. தகட்டில் அந்திமனி, ஆர்சனிக், கல்சியம் கலந்திருக்கும். அந்தக் கசடு நனைந்தால் ஆர்சின் வாயு வரலாம், கொஞ்சமே ஆளை முடிக்கும்.

வாகனச் சில்லில் அடிக்கும் ஈயத்தில் வார்த்தேன். ஈயம் கஞ்சிபோல நின்றது, மணியும் நிரம்பவில்லை. (வவுனிக்குளம்)

நாகம் (துத்தநாகம்) கலந்துவிட்டது. இப்போது வருகிற சில்லுத்துண்டுகளில் பல நாகம் அல்லது இரும்பு. சீமெந்துத் தரையில் போட்டுப் பாருங்கள்: ஈயம் ‘தொப்’ என்று விழும், நாகம் கிணுங்கும். தவறி ஒன்று போனாலும் நாகம் உருக 420 பாகை வேண்டும். சட்டியைக் கண்டபடி எரிக்காவிட்டால் அது மேலே மிதக்கும், அள்ளிவிடலாம். நீங்கள் எரித்திருக்கிறீர்கள். அந்தச் சட்டியை மீட்க முடியாது. கல்லுக்குப் பதிலாக எதையாவது கட்டித் தாழ்க்க உதவும்.

மணியின் மேல்முனையில் பள்ளம். (கொக்கிளாய்)

ஊற்றும் வாயைக் குடைபோல அகலமாக வெட்டி, அது நிரம்பி மேடாகும்வரை ஊற்றுங்கள். மணி இறுகும்போது தேவையான ஈயத்தை அதிலிருந்து இழுத்துக்கொள்ளும்.

வார்த்த தாச்சியைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டுச் சமைக்கலாமா? (ஒரு குடும்பத் தலைவி, தர்மபுரம்)

முடியாது. புளி ஈயத்தைக் கரைத்துக் குழம்பில்தான் சேர்க்கும். தாச்சியும் கரண்டியும் இனி வார்ப்புக்கு மட்டும். குசினிக்குள் கொண்டுபோகாமல் வெளியே தொங்கவிடுங்கள். மேலே வழித்த சாம்பல் நிறக் கசடுதான் ஈயத்திலும் பொல்லாதது, தூளாகப் பறக்கும். மூடியுள்ள தகரப்பேணியில் போட்டு வையுங்கள், கோழி கொத்துகிற இடத்தில் கொட்டவேண்டாம். வார்த்தவர் கை கழுவி, உடுப்பு மாற்றிய பிறகு பிள்ளையைத் தூக்கட்டும்.