ஏப்ரலில் நேரோபோட்: வட்டப் பாதைக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: ஏப்ரல் நடுவில் ஒரு வாரம் நேரோபோட் (கால்வாயில் ஓடும் நீளமான, குறுகிய படகு) வாடகைக்கு எடுத்து, இங்கிலாந்தின் ஸ்டோனில் கிளம்பி ‘ஃபோர் கவுண்டீஸ் ரிங்’ கால்வாய்களைச் சுற்றிவர நினைக்கிறோம். நால்வரில் யாருக்கும் படகு ஓட்டத் தெரியாது. ஏஜென்ட் “ஒரு வாரம் தாராளம்” என்கிறார். வழியில் லாக் (கதவுகளுக்கிடையே தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை மேலும் கீழும் கொண்டுபோகும் தொட்டி) மூடியிருந்தால் பணம் திரும்புமா?

பதில்: திரும்பாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் காசு கொடுப்பது படகுக்கு. பாதை அடைபட்டால் வேறு பக்கம் போய்க்கொள்ளுங்கள் என்பதுதான் வாடகை ஒப்பந்தங்களின் வழக்கம்.

ஓட்டத் தெரியாதது பிரச்சினையே இல்லை. உரிமம் வேண்டாம், கிளம்பும் முன் படகுத்துறையிலேயே சொல்லித் தருவார்கள், வேக வரம்பே மணிக்கு 4 மைல்தான். லாக்கில் கீழே இறங்கும்போது மட்டும் படகின் பின்பக்கம் சுவரிலுள்ள வெள்ளைக் கோட்டைத் தாண்டி முன்னால் நிற்கட்டும். கோட்டுக்குப் பின்னால் தண்ணீருக்கடியில் ஒரு திட்டு இருக்கிறது. தண்ணீர் வடிய வடிய பின்பக்கம் அதன்மேல் உட்கார்ந்துவிட்டால், முன்பக்கம் கவிழ்ந்து படகே மூழ்கிவிடும்.

சரி, அந்தத் ‘தாராளத்தை’ப் பார்ப்போம். வட்டம் சுமார் 110 மைல், 90-க்கு மேல் லாக்குகள். மணிக்கு 3 மைல், லாக்குக்குக் கால் மணி என்று போட்டால் 60 மணி நேரம். முதல் நாள் படகு கைக்கு வர மதியம் தாண்டும், கடைசி நாள் காலையிலேயே ஒப்படைக்க வேண்டும். மிச்சமுள்ள 6 நாளும் தினம் 10 மணி நேரம் ஓட்டினால் முடியும். இதற்குப் பெயர் விடுமுறையா?

அதைவிட முக்கியம், வட்டத்தில் ஓர் இடம் அடைபட்டாலும் சுற்று போச்சு. 2018 மார்ச்சில் இதே வட்டத்திலுள்ள மிடில்விச் கிளைக் கால்வாயில் கரை உடைந்து, டிசம்பர் வரை வழியில்லை. பராமரிப்பு பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரைதான், ஆனால் வேலை இழுத்துக்கொண்டு போவதும் உண்டு. இருநூறு வருடக் கட்டுமானத்தை வைத்துக்கொண்டு, அதைப் பராமரிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் அமைப்புக்கான மானியத்தை 2027 முதல் குறைக்கப் போகிறது அரசு. அப்புறம் கதவு திறக்கவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

இதையெல்லாம் ஏஜென்ட் சொல்லமாட்டார், அவருக்குக் கமிஷன் வந்தால் போதும். படகுத்துறைக்கு நேராகப் போன் செய்யுங்கள். டீசல் தனியா, சேதத்துக்கு முன்பணம் எவ்வளவு என்று கேட்டு, மொத்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள்.

என் யோசனை: போன வழியே திரும்பும் பயணம். ஸ்டோனிலிருந்து தெற்கே கிரேட் ஹேவுட், அங்கே வேறு கால்வாய்க்குள் திரும்பி டிக்ஸால் வைட், முடிந்தால் பென்க்ரிட்ஜ் வரை. அகன்ற டிக்ஸால் நீர்ப்பரப்பில் ஓர் இரவு தங்குங்கள்.

கிரேட் ஹேவுட்டில் திரும்பாமல் நேரே போகும் ஆசை வந்தால் ஒரு எச்சரிக்கை. கால்வாயில் வெள்ளப் பயம் குறைவு என்றாலும், ஆல்ரூவாஸில் அப்படியில்லை. அங்கே டிரென்ட் ஆறு கொஞ்ச தூரத்துக்குக் கால்வாயோடு கலந்து ஓடுகிறது. பார்க்கக் கால்வாய் போலவே இருக்கும், ஓடுவது ஆறு. வசந்த மழையில் சட்டென்று ஏறும். லாக்கருகே நீர்மட்டப் பலகை இருக்கிறது. தண்ணீர் சிவப்பில் இருந்தால் படகை ஆற்றுக்குள் விடக் கூடாது. முன்னால் போனவர் தாண்டிவிட்டாரே என்று பார்க்காதீர்கள், அவர் போனபோது தண்ணீர் எவ்வளவு இருந்ததோ. மழை நின்றாலும் ஆறு உடனே வடியாது, பலகை மாறும்வரை கரையில் கட்டியே கிடக்க வேண்டும்.

கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் தளத்தில் மூடல் அறிவிப்புகளைப் பணம் கட்டும் முன் ஒருமுறை, கிளம்பும் முந்தின இரவு ஒருமுறை பாருங்கள்.