‘இதைச் சாப்பிட்டால் புற்றுநோய்’ என்று வரும் செய்திகளை எவ்வளவு நம்பலாம்?

தலைப்பில் சதவீதம் இருந்தால் நான் முதலில் பார்ப்பது, அது எதில் சதவீதம் என்றுதான்.

2015 அக்டோபரில் ஒரு செய்தி உலகம் முழுக்க ஓடியது. பேக்கன், சாசேஜ் மாதிரி பதப்படுத்திய இறைச்சியைத் தினம் 50 கிராம் சாப்பிட்டால் குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடுமாம். சிகரெட்டும் அதுவும் ஒன்று என்று பத்திரிகைகள் வேறு போட்டன. அந்த 18 சதவீதம் வாட்ஸ்அப் வதந்தி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 22 நிபுணர்களைக் கூட்டி, 800க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசிவிட்டுச் சொன்னது.

சரி, அந்த 18ஐ எதன் மேல் ஏற்றுவது? பிரிட்டனில் வாழ்நாளில் குடல் புற்றுநோய் வருவது நூறு பேரில் சுமார் 6 பேருக்கு. ஆறில் 18 சதவீதம் என்பது ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். அதாவது, நூறு பேரும் தினம் தவறாமல் 50 கிராம் கூடுதலாகத் தின்றால், தோராயமாக 6 பேர் 7 பேர் ஆவார்கள். தலைப்பை மட்டும் பார்த்தவரோ நூறில் 18 பேருக்கு வரும் என்று நினைத்துக்கொண்டு பயப்படுவார்.

சிகரெட் கதை இன்னும் மோசம். புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலில் முகமை இரண்டையும் முதல் பிரிவில் வைத்தது உண்மை. ஆனால் அந்தப் பிரிவு சொல்வது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. வெயில்கூட அதே பிரிவில்தான் இருக்கிறது. பதப்படுத்திய இறைச்சி அதிகமுள்ள உணவால் ஆண்டுக்குச் சுமார் 34,000 புற்றுநோய் மரணங்கள், புகையிலையால் சுமார் 10 லட்சம் என்ற மதிப்பீட்டையும் முகமையே கொடுத்திருந்தது. அதைத் தலைப்பாக்க யாருக்கு மனசு வரும்?

பத்திரிகைக்காரர்களை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. 20 பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் 462 செய்திக்குறிப்புகளை ஆராய்ந்து 2014இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. விலங்குகளிலும் செல்களிலும் செய்த ஆய்வுகளைப் பற்றிய குறிப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், முடிவை மனிதர்களுக்கும் நீட்டியிருந்தன. ஊதிப் பெரிதாக்குவது பல்கலைக்கழக வாசலிலேயே ஆரம்பித்துவிடுகிறது!

அதனால் எந்தச் செய்தி வந்தாலும் மருத்துவ ஆய்வுகளைத் தேட உதவும் பப்மெட் (PubMed) தளத்தில் ஆய்வுச் சுருக்கத்தைத் தேடிப் பாருங்கள், இலவசம்தான். எலியா மனிதரா, எத்தனை பேர், எவ்வளவு காலம் என்பது பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

சாசேஜ் விஷயத்தில் என் அபிப்பிராயம்: தினமும் காலையில் அதைத் தின்கிறவர் குறைத்துக்கொள்வது நல்லது. எப்போதாவது கல்யாணத்திலோ ஹோட்டலிலோ இரண்டு துண்டு சாப்பிடுகிறவர் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.