1920களின் அமெரிக்கச் செழிப்புக்கும் சிவில் உரிமைப் போராட்டத்துக்கும் என்ன தொடர்பு?

கேள்வியோடு ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள்: "ஒன்றில் ஜாஸ், கார், பங்குச்சந்தை. இன்னொன்றில் பஸ், சிறை, ஊர்வலம். கல்லூரியில் தனித்தனி அலகாகப் படித்தேன், ஒட்டவே மாட்டேன் என்கிறது." எனக்கும் ரொம்ப நாள் ஒட்டவில்லை. கடைசியில் ஒரு ரயில் பெட்டிதான் ஒட்டவைத்தது.

நான் இருப்பது சிகாகோவுக்குப் பக்கத்தில். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அப்பா ரயில்வேயில் ஏ.சி. கோச் அட்டெண்டன்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஏரி காட்டினேன், வானுயரக் கட்டடங்கள் காட்டினேன், "ம்" என்றார். நகரின் தென்கோடியில் புல்மேன் என்று ஒரு பழைய குடியிருப்பு இருக்கிறது, தூங்கும் வசதியுள்ள ரயில் பெட்டி செய்த கம்பெனி தன் தொழிலாளர்களுக்காகக் கட்டியது என்று சொன்னதும் சட்டையை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டார்.

அந்தக் கம்பெனி பெட்டியைச் செய்து விற்றதோடு நிற்கவில்லை. பெட்டியைத் தானே வைத்துக்கொண்டு, ரயில்வேக்களோடு ஒப்பந்தம் போட்டு ஓட்டியது. பெட்டிக்குள் வேலை செய்தவர்களும் அதன் ஆட்கள்தான். 1920களில் ஒரு இரவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் புல்மேன் பெட்டிகளில் தூங்கியபடி பயணம் செய்தார்கள். வியாபாரிகள், வக்கீல்கள், நடிகர்கள், தேனிலவுத் தம்பதிகள். அந்தப் பத்தாண்டின் செழிப்பை ஒரே படத்தில் பார்க்க வேண்டுமென்றால் இதைத்தான் காட்டுவேன்.

அந்த ஒரு லட்சம் பேருக்குப் படுக்கை விரித்தவர்கள் போர்ட்டர்கள். நம்மூர் ஸ்டேஷனில் சிவப்புச் சட்டை போட்டு மூட்டை தூக்குபவரை நினைத்துக்கொள்ளாதீர்கள். இவர்கள் அப்பா பார்த்த வேலையைப் பார்த்தவர்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், கிட்டத்தட்ட எல்லோரும் கறுப்பினத்தவர். அடிமை முறை ஒழிந்த கையோடு, விடுதலையானவர்களைத் தேடிப்பிடித்து ஜார்ஜ் புல்மேன் ஆரம்பித்துவைத்த வழக்கம் அது. போர்ட்டரின் சொந்தப் பெயர் எதுவானாலும் பயணிகள் கூப்பிட்டது "ஜார்ஜ்" என்றுதான். முதலாளியின் பெயரால் அடிமையைக் கூப்பிட்ட பழக்கத்தின் மிச்சம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. போர்ட்டர்களை ஜார்ஜ் என்று அழைப்பதைத் தடுக்க 1914இல் ஒரு மர வியாபாரி சங்கமே தொடங்கினார். போர்ட்டர்கள் மேல் இரக்கப்பட்டு அல்ல. அவர் பெயரும் ஜார்ஜ். தன்னைப் போன்ற வெள்ளைக்கார ஜார்ஜ்களின் மானம் போகிறதே என்ற கவலை.

முழுச் சம்பளம் வேண்டுமென்றால் மாதத்தில் 400 மணி நேரம் வேலை செய்ய வேண்டும், அல்லது 11,000 மைல் ஓடியிருக்க வேண்டும். 400 மணி என்றால் ஞாயிறு திங்கள் பார்க்காமல் தினம் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். வண்டி கிளம்பும் முன் பெட்டியைத் தயார்செய்யும் நேரம் இந்தக் கணக்கில் பெரும்பாலும் சேராது. 1926இல் மாதச் சம்பளம் 67 டாலர் 50 சென்ட். நாடே வாங்கிக் குவித்த ஃபோர்டு மாடல் டி காரில் மிக மலிவானது 1925இல் 260 டாலர். அதாவது நான்கு மாதம் பச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டு வேலை செய்தால் ஒரு கார். வழியில் சாப்பாடு சொந்தக் காசு. பயணிகளின் ஷூவுக்குப் போடும் பாலிஷும் சொந்தக் காசு. பெட்டியில் துண்டு குறைந்தால் அதுவும் சம்பளத்தில் பிடித்தம்.

இதை நான் சொன்னதும் அப்பா சிரித்தார். "எங்க போனாலும் துண்டு கணக்குதான்."

அப்படியும் அந்த வேலைக்குப் போட்டி இருந்தது. தெற்கில் வெள்ளைக்காரர் நிலத்தில் விளைச்சலில் பங்குக்கு உழுதவர், ஆண்டுக் கடைசியில் காசைக் கண்ணால் பார்ப்பதே அரிது. போர்ட்டர் கையில் டிப்ஸாகவாவது காசு புரண்டது. அதைவிட முக்கியம், ஊர் ஊராகப் பார்த்தார். எங்கே எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொண்டார். சிகாகோவில் அச்சான 'டிஃபென்டர்' என்ற கறுப்பினப் பத்திரிகையைத் தெற்கே பல ஊர்களில் விற்கவிடவில்லை. போர்ட்டர்கள் கட்டுக்கட்டாக எடுத்துப் போய் சேர்த்தார்கள். வடக்கே வேலை இருக்கிறது என்ற சேதி அந்தக் கட்டுகளில்தான் போனது.

1925 ஆகஸ்ட் 25, நியூயார்க்கின் ஹார்லெம். போர்ட்டர்கள் சங்கம் கண்டார்கள். தலைவராக ஏ. ஃபிலிப் ராண்டால்ஃபைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு நாள்கூட போர்ட்டர் வேலை பார்த்தவரில்லை, ஒரு பத்திரிகையின் ஆசிரியர். அதனால்தான் கூப்பிட்டார்கள்: கம்பெனியால் அவரை வேலையை விட்டுத் தூக்க முடியாதே! வீட்டில் அடுப்பு எரிந்தது மனைவி லூசில் நடத்திய அழகு நிலையத்தால். பத்திரிகையும் அந்தப் பணத்தில்தான் ஓடியது.

கம்பெனி சும்மா இருக்குமா? ஒற்றர்களை வைத்தது, சங்கத்தில் சேர்ந்தவர்களை நீக்கியது, தானே ஒரு போட்டிச் சங்கத்தை வைத்துக்கொண்டது, மிரட்டலுக்கு ஃபிலிப்பைன்ஸ்காரர்களை வேலைக்கு எடுத்தது. ஆண்கள் சந்தா கட்டினால் வேலை போகும் என்பதால் பல ஊர்களில் மனைவிமார் கைவழியாகச் சங்கம் நடந்தது. வாஷிங்டனில் ரோசினா டக்கர் என்பவரின் கணவரைக் கம்பெனி நீக்கியது. அந்த அம்மா நேராக மேலதிகாரியின் அறைக்குள் போய் மேசையில் அறைந்து கேட்டிருக்கிறார். கணவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

1929இல் பங்குச்சந்தை விழுந்தது. பெட்டிகள் காலியாக ஓடின. 1928இல் ஆயிரக்கணக்கில் இருந்த உறுப்பினர்கள் 1933இல் 658 பேர். சங்கம் செத்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள்.

உங்கள் இரண்டு அலகுகளுக்கும் நடுவில் விட்டுப்போன 1930கள் இங்கேதான் வருகின்றன. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் புதிய சட்டங்கள் தொழிலாளரைக் காப்பாற்றின என்று படித்திருப்பீர்கள். எல்லோரையும் அல்ல. 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் தொழிற்சங்க உரிமைச் சட்டமும் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் வெளியே நிறுத்தின. தெற்கில் கறுப்பினத்தவரில் பெரும்பாலோர் பார்த்தது அந்த இரண்டு வேலைகளைத்தான். ஆனால் 1934இல் திருத்திய ரயில்வே தொழிலாளர் சட்டம் போர்ட்டர்களை உள்ளே சேர்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டு தேர்தல் வைத்தபோது அவர்களின் சங்கம் அபாரமாக ஜெயித்தது. 1937 ஆகஸ்ட் 25 அன்று, சங்கம் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டு நிறைந்த அதே நாளில், கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. 400 மணி நேரம் 240 ஆனது. கறுப்பினத்தவரின் சங்கம் ஒன்றோடு ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனி ஒப்பந்தம் போட்டது அதுவே முதல் முறை.

நாடு முழுக்கக் கிளை, ஒழுங்காக வரும் சந்தா, ரயில் போகும் வேகத்தில் போகும் செய்தி. இந்த மூன்றும் கையில் இருக்கிற ஒருவர் ஜனாதிபதியிடம் எப்படிப் பேசுவார் என்பதை 1941இல் பார்த்தார்கள். போருக்காக ஆயுதத் தொழிற்சாலைகள் பெருகின, கறுப்பினத்தவருக்கு மட்டும் வேலை இல்லை. ஒரு லட்சம் பேரோடு வாஷிங்டனுக்கு வருகிறோம் என்றார் ராண்டால்ஃப். ஜூன் 18 அன்று ரூஸ்வெல்ட் கூப்பிட்டு உண்மையில் எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார். ஒரு லட்சம் என்று கண் சிமிட்டாமல் பதில். ஒரு வாரத்தில், ஜூன் 25 அன்று, ஆயுதத் தொழிற்சாலைகளில் இனப் பாகுபாடு கூடாது என்று ஆணை வந்தது, ஊர்வலம் நின்றது. உண்மையில் ஒரு லட்சம் பேர் வந்திருப்பார்களா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான். ஆணையை அமல்படுத்தியதிலும் ஓட்டை நிறைய. ஆனால் ஊர்வலம் நடக்காமலே ஜெயித்தது. 1948இல் ராணுவத்தில் இனப்பிரிவினையை முடிக்க அடுத்த ஜனாதிபதி ட்ரூமன் போட்ட ஆணைக்குப் பின்னாலும் ராண்டால்ஃபின் நெருக்கடி இருந்தது.

இப்போது தெற்கே அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி. ரோசா பார்க்ஸ் பேருந்தில் வெள்ளையருக்கு இடம் கொடுத்து எழுந்திருக்க மறுத்துக் கைதானார், மார்ட்டின் லூதர் கிங் தலைமை தாங்கினார் என்று நாம் இரண்டு வரியில் முடித்துவிடுகிறோம். 1955 டிசம்பர் 1 இரவு பார்க்ஸை ஜாமீனில் எடுக்கப் போனவர் யார்? ஈ. டி. நிக்சன், புல்மேன் போர்ட்டர், ராண்டால்ஃப் சங்கத்தின் மான்ட்கோமரி கிளைத் தலைவர். (பிற்கால ஜனாதிபதிக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) பள்ளிக்கூடம் போனது மொத்தமே ஒன்றரை வருடத்துக்கும் குறைவு. இளம் வயதில் வேலையாக செயின்ட் லூயிஸ் ஸ்டேஷனில் இறங்கியபோது, கறுப்பரும் வெள்ளையரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திகைத்துப்போனதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அன்று இரவே கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் திங்கட்கிழமை பேருந்தில் ஏறாதீர்கள் என்ற துண்டறிக்கைகளை நகலெடுக்கும் எந்திரத்தில் ஆயிரக்கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தார். விடிந்ததும் நிக்சன் பாதிரியார்களுக்கு ஒவ்வொருவராக ஃபோன் போட்டார். மூன்றாவது அழைப்பு ஊருக்குப் புதிதாக வந்திருந்த 26 வயது இளைஞருக்கு. யோசித்துச் சொல்கிறேன் என்றாராம் கிங். கடைசியில் அவருடைய தேவாலயத்திலேயே வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டம் என்று முடிவானது. அந்தக் கூட்டத்தில் நிக்சன் இல்லை. டியூட்டி! ரயிலில் போக வேண்டியிருந்தது. போவதற்கு முன் உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தில் வந்தது. துண்டறிக்கை கிடைக்காதவர்களுக்கும் சேதி போய்ச் சேர்ந்தது, அதுவும் வெள்ளைக்காரர் பத்திரிகையின் செலவில். திங்கட்கிழமை பேருந்துகள் காலி. புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. நிக்சன் வீட்டில் குண்டு விழுந்தது.

எல்லாம் போர்ட்டர்களால்தான் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. தேவாலயங்கள், வழக்குகளை நடத்திய வக்கீல்கள், போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள், ராபின்சன் போன்ற பெண்கள் என்று பல கைகள். ஆனால் உங்கள் இரண்டு அலகுகளையும் ஒரே ஆளின் வாழ்க்கையில் பார்க்க வேண்டுமென்றால் ராண்டால்ஃபைப் பாருங்கள். 1963 ஆகஸ்ட் 28 வாஷிங்டன் பேரணியில் கிங் கடைசியில் பேசியதுதான் நமக்குத் தெரியும். பேரணியின் தலைவர் ராண்டால்ஃப், வயது 74. 1941இல் கைவிட்ட அதே ஊர்வலம், இந்த முறை இரண்டரை லட்சம் பேரோடு. லூசில் அதைப் பார்க்க இல்லை. நான்கு மாதம் முன்புதான் இறந்துபோயிருந்தார்.

புல்மேன் கம்பெனி 1968 கடைசியோடு படுக்கைப் பெட்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டது. பயணிகள் விமானத்துக்குப் போய்விட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பேப்பர் கட்டை எல்லாம் எங்க ஒளிச்சு வெச்சிருப்பாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். "அழுக்குத் துணி மூட்டைக்குள்ளதான்" என்றார். "அதை எந்த அதிகாரியும் கையால தொட மாட்டான்."