நவீனம் வேண்டாம் என்பவர்கள்: கேள்வி பதில்

கேள்வி: நவீன வாழ்க்கையை வெறுப்பவர்கள் எல்லாருமே ஆபத்தானவர்களா?

பதில்: இல்லை. அமெரிக்காவில் பழைய முறையில் வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான அமிஷ் மக்கள் சொந்தமாகக் கார் வைத்துக்கொள்வதில்லை. அதனால் யாருக்கு என்ன கேடு? 'எனக்கு வேண்டாம்' என்பது வேறு, 'உனக்கும் கூடாது' என்பது வேறு. காவல்துறை பார்க்கவேண்டியது இரண்டாவதை.

கேள்வி: தொழில்நுட்பத்தை எதிர்த்துக் குண்டு அனுப்பிய அமெரிக்கர் கசின்ஸ்கி ஏன் அத்தனை காலம் சிக்கவில்லை?

பதில்: 1978 முதல் 1995 வரை 16 குண்டுகள், 3 பேர் செத்தார்கள், 23 பேருக்குக் காயம். இருந்ததோ மொன்டானாவில் மின்சாரமில்லாத குடிசை. கூட்டாளி இல்லை, தொலைபேசி இல்லை, எதை ஒட்டுக்கேட்பது? கடைசியில் எழுத்துதான் காட்டிக்கொடுத்தது. 1995 செப்டம்பரில் வாஷிங்டன் போஸ்ட் அவருடைய 35,000 சொல் அறிக்கையை அச்சிட்டது. தம்பியும் தம்பி மனைவியும் எழுத்து நடையை அடையாளம் கண்டார்கள். 1996 ஏப்ரலில் கைது. தொழில்நுட்பத்தைச் சபித்தவர், குண்டை அனுப்பத் தபாலையும் கருத்தைப் பரப்ப அச்சகத்தையும் நம்பினார். நவீனத்தை எதிர்க்கும் இயக்கங்களில் இந்த முரணைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

கேள்வி: குண்டுகளை எப்படிச் செய்தார்?

பதில்: அடுத்த கேள்வி.

கேள்வி: இங்கிலாந்தில் தறிகளை உடைத்த தொழிலாளர்களான லுடைட்டுகள்தானே இவர்களுக்கெல்லாம் முன்னோடி?

பதில்: இந்தப் பழியை எத்தனை முறை துடைப்பது! 1811-ல் நாட்டிங்ஹாம் பக்கம் அவர்கள் உடைத்தது எல்லா இயந்திரத்தையும் அல்ல. காலுறைத் தறி அப்போதே இருநூறு வயது தாண்டியது. அதில்தான் அவர்கள் பிழைப்பே. கூலியைக் குறைத்து, மட்டச் சரக்கு நெய்த முதலாளிகளின் தறிகளைத் தேடி உடைத்தார்கள். அது கூலிச் சண்டை.

குறுக்கே ஒருவர்: 1812-ல் ஆலை முதலாளி ஹார்ஸ்ஃபாலைச் சுட்டதும் கூலிச் சண்டையா?

பதில்: கொலைதான், மழுப்பவில்லை. ஆனால் அதே ஆண்டு அரசு, தறி உடைத்தாலே தூக்கு என்று சட்டம் போட்டதே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1813 ஜனவரியில் யார்க்கில் 17 பேரைத் தூக்கிலிட்டார்கள். அவர்களில் 3 பேர்தான் ஹார்ஸ்ஃபால் கொலைக்காக.

அவரே: அப்படியானால் வன்முறை நியாயமா?

பதில்: நான் சொல்லாததை என் வாயில் திணிக்காதீர்கள். குறை தீர்ந்தால் அடங்கும் கூட்டம் ஒன்று. உலகமே குறை என்று நினைக்கும் கூட்டம் இன்னொன்று. முன்னதோடு பேரம் பேசலாம், பின்னதோடு பேச ஒன்றுமில்லை.

கேள்வி: பின்னது ஆட்சியைப் பிடித்தால்?

பதில்: கம்போடியா. 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படையினர் புகுந்ததுமே தலைநகர் நோம்பென்னைக் காலிசெய்யத் தொடங்கினார்கள், நோயாளிகளையும் விடவில்லை. நான்கே ஆண்டுகளில் 15 லட்சத்துக்கு மேல் பிணம். தலைவர் போல் பாட், பாரிஸுக்கு வானொலி மின்னணுவியல் படிக்கப் போனவர்.

கேள்வி: ஸ்மார்ட்போன் வைத்துக்கொள்ளாத நண்பரைக் கண்காணிக்க வேண்டுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இயற்கை விவசாயம் செய்பவர்களை?

பதில்: முதல் பதில் அங்கேயேதான் இருக்கிறது.