ஆள் எடுப்பதா, ஆளாக்குவதா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் நண்பர்களோடு சேர்ந்து சின்னதாக ஒரு கூடைப்பந்து கிளப் நடத்துகிறேன். இந்த வருஷம் ஸ்பான்சர் ஒருவர் கிடைத்திருக்கிறார். வெளியூரிலிருந்து 19, 20 வயதில் நன்றாக ஆடும் இரண்டு பேரைக் கூட்டி வரலாமா, இல்லை எங்களிடமே இருக்கும் 13, 14 வயதுப் பையன்கள் மேல் அந்தப் பணத்தைப் போடலாமா? அமெரிக்காவின் என்பிஏ லீக் அணிகளே டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராக எடுப்பது) நல்ல ஆளைப் பிடிப்பதை நம்பித்தான் ஓடுகின்றன என்கிறார் நண்பர்.

பதில்: பையன்கள் மேல் போடுங்கள். உங்கள் நண்பர் சொல்வது பாதிதான் சரி.

2013 டிராஃப்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஆண்டனி பென்னட் நான்கே சீசனில் என்பிஏவை விட்டுப் போனார், 15ஆவதாக மில்வாக்கி அணி எடுத்த யானிஸ் அந்தெதோகும்போ பிற்பாடு லீகின் மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவரானார். 'பார்த்தீர்களா, சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்' என்று நண்பர் இதையே தன் பக்கத்துக்கு இழுப்பார். ஆனால் முதல் சீசனில் யானிஸின் சராசரி வெறும் 6.8 புள்ளி, அணி ஜெயித்தது 82இல் 15 மேட்ச். அப்படியும் பெஞ்சில் உட்கார வைக்காமல் 77 மேட்சில் இறக்கினார்கள்.

இன்னொரு என்பிஏ ஆட்டக்காரர் கவாய் லெனர்ட் கதை இன்னும் தெளிவு. கல்லூரியில் மூன்று புள்ளி ஷாட்டில் நூற்றுக்கு 25தான் விழுந்தது; 2011இல் சான் அன்டோனியோ அணிக்கு வந்ததும் அங்கிருந்த ஷூட்டிங் கோச் சிப் எங்கெலாண்ட் பந்தை விடும் விதத்தையே மாற்றினார், முதல் சீசனிலேயே அது 37ஐத் தாண்டியது. எடுத்தால் மட்டும் போதாது என்பதற்கு நம் நாட்டு சத்னம் சிங்கே உதாரணம். ஏழடிக்கு மேல் உயரம், 2015 டிராஃப்டில் 52ஆவதாக டல்லாஸ் அணி எடுத்தது, ஆனால் ஒரே ஒரு என்பிஏ மேட்ச்கூட ஆடவில்லை. கீழ்நிலை லீகிலும் அவருக்குக் களத்தில் கிடைத்த நேரம் கொஞ்சம்தான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். என்பிஏ அணிகள் இளைஞர்கள் மேல் இவ்வளவு செலவு செய்வது தர்மத்துக்கு இல்லை. முதல் சுற்றில் எடுத்தவரோடு நான்கு வருஷ ஒப்பந்தம், அதில் கடைசி இரண்டு வருஷம் வேண்டுமா வேண்டாமா என்பது அணியின் கையில், அதற்கப்புறமும் வேறு அணி கூப்பிட்டால் அதே தொகையைக் கொடுத்து நிறுத்திக்கொள்ளலாம். வளர்த்தவனே அறுவடை செய்யும் ஏற்பாடு. உங்களுக்கு அது கிடையாது. பையன் நன்றாக வந்தால் ரயில்வே, வங்கி, ராணுவம் என்று ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்குப் போய்விடுவான், போகவும் வேண்டும், அவன் வீட்டுக்கு அதுதான் கப்பு.

ஆனால் அதே கணக்கு வெளியூர் ஆட்களுக்கு இன்னும் மோசம். 19 வயதில் நன்றாக ஆடுகிறவன் வேலையை எதிர்பார்த்துத்தான் ஆடுகிறான், ஒரே சீசனில் கிளம்பிவிடுவான், நீங்கள் கொடுத்த ரூம் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் அவனோடு போகும். 13 வயதுப் பையன் குறைந்தது நாலைந்து வருஷம் இருப்பான் (பத்தாம் வகுப்பில் அப்பா அம்மா நிறுத்தாமல் இருந்தால், அதற்கு வீட்டுக்கே போய்ப் பேசுங்கள், போனில் சொன்னால் எடுபடாது).

பணத்தை முதலில் கோச் சம்பளத்துக்கு ஒதுக்குங்கள், சனி ஞாயிறு மட்டும் வருகிறவர் வேண்டாம். மிச்சத்தை ஊர் ஊராகப் போட்டிகளுக்குச் செலவழியுங்கள், தோற்றாலும் பரவாயில்லை, எல்லாப் பையனும் களத்தில் இறங்க வேண்டும். உயரமானவனை ரிங்குக்கு அடியிலேயே நிறுத்தி வைக்காமல் டிரிபிளிங்கும் ஷூட்டிங்கும் சேர்த்தே பழக்குங்கள், 14 வயதில் யார் எவ்வளவு வளர்வான் என்று யாருக்கும் தெரியாது. அப்படியும் ஸ்பான்சர் வெளியாள் கேட்டு அடம்பிடித்தால் ஒருவர் போதும், வயது இருபத்தைந்துக்கு மேல் இருக்கட்டும், காலையில் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அவர் வேலை என்று முதலிலேயே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.