டாக்டரம்மாவைக் கேளுங்கள்: சளி என்ன நிறம்?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 71 வயது. கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். சிகரெட்டை விட்டுப் பல வருஷம் ஆகிறது, ஆனாலும் சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வந்துவிட்டது. பிப்ரவரியில் மூச்சிரைப்பு அதிகமானபோது பலதுறை மருந்தகத்தில் ஸ்டீராய்டு மாத்திரையோடு ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார்கள். போன மாதம் அதே இரைப்புதான், ஸ்டீராய்டு மட்டும் தந்து அனுப்பிவிட்டார்கள். நாத்தனார் திருச்சியிலிருந்து கொண்டுவந்த சிப்ரோஃப்ளாக்சசின் என்கிற ஆன்டிபயாடிக் அட்டை பிரிக்காமல் இருக்கிறது. அடுத்த தடவை அதைக் கொடுக்கலாமா, டாக்டரம்மா?
– வாசகி, ஈசூன்

பதில்: வேண்டாம்மா, கொடுக்காதீர்கள். இவ்வளவு விவரமாக எழுதியிருக்கிறீர்கள், சளி எப்படி இருந்தது என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. ஆன்டிபயாடிக் வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அதுதான்.

சிஓபிடி திடீரென்று மோசமாவதற்கு எப்போதும் பாக்டீரியா காரணமில்லை. பேரப்பிள்ளை பள்ளியிலிருந்து கொண்டுவரும் ஜலதோஷ வைரஸ் போதும். சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் அடித்தாலும் போதும். ஆன்டிபயாடிக் இந்த இரண்டையும் ஒன்றும் செய்யாது.

கனடாவின் வின்னிபெக் நகரில் ஆந்தோனிசன் குழுவினர் 1987-இல் வெளியிட்ட ஆய்வுதான் இதற்கு அடிப்படை. மூச்சுத்திணறல் கூடியிருக்கிறதா, சளியின் அளவு கூடியிருக்கிறதா, சளி சீழ்போல ஆகியிருக்கிறதா என்று மூன்றைப் பார்த்தார்கள். மூன்றும் இருந்தவர்களுக்கு ஆன்டிபயாடிக்கால் நல்ல பலன். ஒன்று மட்டும் இருந்தவர்களுக்குச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இன்றைய வழிகாட்டுதலும் ஏறக்குறைய அதேதான்: மூன்றும் இருக்கவேண்டும், அல்லது இரண்டு இருந்து அதில் ஒன்று சீழ்ச்சளியாக இருக்கவேண்டும். மூச்சுக்கு இயந்திர உதவி தேவைப்படும் அளவுக்குப் போனவர்கள் கதை வேறு.

கிருமியோடு சண்டைபோட வரும் வெள்ளணுக்களுக்குள் பச்சை நிற நொதி ஒன்று இருக்கிறது. அவை கூட்டமாக வந்தால் சளி பச்சையாகும். ஆகவே காலையில் அவர் இருமித் துப்புவதை வெள்ளை டிஷ்யூவில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். முகம் சுளிக்காதீர்கள், இதைவிட மலிவான பரிசோதனை கிடையாது. சிலருக்கு நல்ல நாளிலேயே லேசான மஞ்சளாகத்தான் வரும். வழக்கத்தைவிட மாறியிருக்கிறதா என்பதே முக்கியம். டாக்டரிடம் போகும்போது இதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இப்போது அந்தத் திருச்சி அட்டை. இந்த நோயில் நுரையீரலைத் தாக்கும் கிருமிகளில் நிமோகாக்கஸ் முக்கியமானது. அதனிடம் சிப்ரோஃப்ளாக்சசினின் பாச்சா அவ்வளவாகப் பலிக்காது. 60 வயதைத் தாண்டியவர் ஸ்டீராய்டோடு சேர்த்து அதைச் சாப்பிட்டால் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் அறுந்துபோகும் ஆபத்து கூடும். மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் மாத்திரையும் எடுப்பவராக இருந்தால் அதன் அளவு ரத்தத்தில் ஏறி, வாந்தி, படபடப்பு, வலிப்புவரை கொண்டுபோகலாம். நாத்தனார் அன்பாகத்தான் கொண்டுவந்திருப்பார், அது வேறு விஷயம்.

டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினால் பெரும்பாலும் ஐந்து நாள்தான். ஸ்டீராய்டும் அப்படியே. "இன்னும் ரெண்டு நாளைக்குச் சேர்த்துக் கொடுங்க" என்று கேட்டு வாங்காதீர்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லமுடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, காரணமில்லாமல் தூங்கி வழிந்து குழப்பமாகப் பேசினாலோ சளியின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டாம். உடனே 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸை வரவழையுங்கள்.

கேள்வி: தினமும் ஒரு ஆன்டிபயாடிக் சாப்பிட்டு வந்தால் இந்த இரைப்பு வராமலே தடுக்கலாம் என்கிறார் என் நண்பர். உண்மையா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: பாதி உண்மை. அசித்ரோமைசின் 250 மில்லிகிராமைத் தினம் ஒன்றாக ஒரு வருடம் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2011-இல் வந்தது. நோய் திடீரென்று மோசமாவது குறைந்தது, ஆனால் சிலருக்குக் காது கேட்கும் திறனும் குறைந்தது. இன்னும் புகைப்பவர்களுக்குப் பலன் தென்படவில்லை. இதயத் துடிப்பின் தாளத்தையும் இது பாதிக்கலாம் என்பதால் ஈசிஜி பார்க்காமல் யாரும் தொடங்குவதில்லை. அடிக்கடி மருத்துவமனையில் படுக்கிறவர்களுக்கு நெஞ்சுநோய் நிபுணர் யோசித்துத் தருகிற மருந்து இது. நீங்கள் முதலில் ஃப்ளூ ஊசி, நிமோகாக்கல் ஊசி இரண்டும் போட்டாயிற்றா என்று பாருங்கள். இன்ஹேலரைச் சரியாக இழுக்கிறீர்களா என்று மருந்தகத் தாதியிடம் ஒரு தடவை செய்தும் காட்டுங்கள்.