வெளிறிய சிவப்பு: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

பூம்பாறையிலிருந்து எழுதுகிறேன். 34 வயது. வீட்டுக்காரருக்குப் பூண்டு விவசாயம், நான் வீட்டிலேயே தையல். உங்கள் கால் மரத்துப்போவதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை அண்ணன் மகள் போனில் காட்டினாள். அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

ஐந்து மாதமாக இடது கால் என் கால் மாதிரி இல்லை. மிஷின் பெடலை மிதிக்கிறேனா இல்லையா என்று குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது. ஒருநாள் செருப்பு கழன்றது தெரியாமல் கொஞ்ச தூரம் நடந்திருக்கிறேன், பக்கத்து வீட்டுப் பையன்தான் எடுத்து வந்து கொடுத்தான். மதுரைக்குப் போய் நரம்பு டாக்டரைப் பார்த்தோம். இடுப்பில் ஸ்கேன் எடுத்தார்கள். லேசான டிஸ்க் தேய்மானம், பயப்பட ஒன்றுமில்லை, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் என் பேச்சு எடுபடவில்லை. "டாக்டரே ஒண்ணுமில்லைன்னுட்டாரே" என்கிறார் இவர். அத்தை எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். எல்லாம் அந்தத் தெர்மாமீட்டர் தொழிற்சாலைப் பாதரசத்தால் வந்தது என்கிறார் அண்ணன். எனக்கே சில ராத்திரி சந்தேகம் வருகிறது. இது மனசில் வந்த நோயா அக்கா? பெயரே இல்லாத ஒன்றை வைத்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது?

பி.கு.: சம்பந்தம் உண்டா தெரியவில்லை. போன வருடம் ஆடியில் இடது கண்ணை அசைத்தால் வலித்தது. ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்கு வந்த அரக்குச் சிவப்புத் துணி, அந்தக் கண்ணால் பார்த்தால் மட்டும் செங்கல் நிறமாக வெளிறித் தெரிந்தது. கண்ணாடிக் கடையில் பவர் மாறவில்லை என்றார்கள். மூன்று வாரத்தில் தானாகச் சரியாகிவிட்டது. இப்போதும் வெந்நீரில் தலைக்குக் குளித்தால் அந்தக் கண்ணில் பத்து நிமிடம் மூட்டமாக இருக்கும். முதல் தடவை, மேகம் வீட்டுக்குள் இறங்கிவிட்டது என்றே நினைத்தேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை பின்குறிப்பிலிருந்து ஆரம்பித்தேன். நீங்களும் அப்படித்தான் டாக்டரிடம் ஆரம்பித்திருக்க வேண்டும்.

கண்ணாடிக் கடையில் காலைப் பற்றிச் சொல்ல வழியில்லை, அப்போது கால் நன்றாக இருந்தது. நரம்பு டாக்டரிடம் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை, அதற்குள் கண் நன்றாகிவிட்டது. சரிதானே? நாம் எல்லாரும் செய்வதுதான். சரியாகிப் போன ஒன்றை டாக்டரிடம் போய்ச் சொல்வது அவர் நேரத்தை வீணாக்குவது என்று நினைத்துக்கொள்கிறோம். வெளியே இருபது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போது ஜாக்கெட் துணியின் நிறத்தைப் பற்றிப் பேசவும் கூச்சமாக இருக்கும்.

ஆனால் அந்தத் துணி சாதாரண விஷயம் இல்லை. கண் நரம்பில் அழற்சி வந்தால், எழுத்துகள் ஓரளவு தெரியும்போதே சிவப்பு வெளிறிப் போவதுண்டு. கண்ணை அசைத்தால் வலியும் அதோடு சேர்ந்து வரும். தையல்காரி என்பதால் நீங்கள் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்திருக்கிறீர்கள். கண்ணாடிக் கடையில் பார்த்தது கண்ணின் பவரை. கோளாறு கண்ணுக்குப் பின்னால் போகும் நரம்பில் இருந்தால் அந்த எழுத்துப் பலகையில் அது பிடிபடாமல் போகலாம்.

வெந்நீரும் அப்படித்தான். உடம்பு சூடேறினால் பார்வை மங்கும் நோயாளிகளைப் பற்றி ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890இலேயே எழுதியிருக்கிறார். நரம்பிழைக்கு மேல் மயலின் என்று ஓர் உறை உண்டு, மின்கம்பிக்கு மேல் ரப்பர் மாதிரி. அது சிதைந்த இடத்தில், சூடு ஏறினால் செய்தி தட்டுத்தடுமாறும். உடம்பு ஆறினால் மறுபடி ஓடும். ஸ்கேன் வருவதற்கு முந்தைய காலத்தில், சந்தேகப்பட்ட நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்துச் சோதித்ததும் உண்டு. நம் மலையில் அந்தச் சோதனை தினமும் காலையில் விறகடுப்புப் பக்கத்தில் நடக்கிறது. என்ன, பார்த்துக் குறித்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

இங்கே கொஞ்சம் நிதானித்துக்கொள்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்களுக்கு இன்ன நோய் என்று சொல்லவில்லை. மயலினைப் பாதிக்கும் நோய்கள் பல, மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் அவற்றில் ஒன்று. பி12 குறைந்தாலும் கால் மரக்கும், கண் நரம்பும் கெடலாம். ரத்தம் எடுத்துப் பார்த்துச் சீக்கிரமே ஊசி போட்டால் பெரும்பாலும் சரியாகிற விஷயம் அது. கண்ணும் காலும் தனித்தனிக் கதையாகவும் இருக்கலாம். எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதற்கு அவருக்கு முழுக் கதையும் வேண்டும்.

மூன்று மாதம் கழித்து வரச் சொன்னது நீங்கள் சொன்ன பாதிக் கதைக்கு. மீதியைக் கேட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்பது என் எண்ணம். அதனால் மூன்று மாதம் வரை இருக்காதீர்கள், இந்த வாரமே மறுபடி நேரம் வாங்குங்கள். மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ்தான் என்று உறுதி செய்ய 2001இல் ஒரு விதிமுறை வகுத்தார்கள். நரம்பு மண்டலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடம் பாதித்திருக்கிறதா, ஒன்றுக்கு மேற்பட்ட காலத்தில் பாதித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு தாக்குதலும் 24 மணி நேரமாவது நீடித்ததா என்றும் கேட்பார்கள். பிறகு பலமுறை திருத்தி, உறுதி செய்யக் காத்திருக்கும் காலத்தைக் குறைத்திருக்கிறார்கள். ஆடியில் கண், இப்போது கால் என்ற உங்கள் பின்குறிப்பு அந்தக் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்கிறது. இந்த வகை நோயாக இருந்தால், மருந்தைச் சீக்கிரம் ஆரம்பிப்பது நல்லது என்றுதான் இன்று மருத்துவர்கள் நினைக்கிறார்கள்.

அப்புறம் உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை, இதைப் படித்துக் காட்டுங்கள். தம்பி, எடுத்தது இடுப்பு ஸ்கேன். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே, முதல் இடுப்பு எலும்பு பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது, அதற்குக் கீழே நரம்புக் கற்றைகள்தான். மூளை, கழுத்து, முதுகு எதுவும் அந்தப் படத்தில் இல்லை. மலையடிவாரத்து வத்தலக்குண்டில் மழை இல்லை என்பதால் பூம்பாறையிலும் மழை இல்லை என்று நீங்கள் சொல்வீர்களா?

மனசில் வந்த நோயா என்று கேட்டிருந்தீர்கள். என்னிடமும் ஒரு டாக்டர் அப்படித்தான் சொன்னார். எனக்கு இரண்டு உள்ளங்காலிலும் தேங்காய் நாரைப் பரப்பி வைத்தது போல இருக்கும். சின்னச் சின்ன ஷாக் கொடுத்துச் செய்யும் நரம்புச் சோதனை சுத்தமாக வந்தது. "எல்லாம் உங்க நினைப்புதாம்மா" என்றார். அந்தச் சோதனை பருமனான நரம்பிழைகளைத்தான் அளக்கும், வலியையும் சூட்டையும் சொல்லும் மெல்லிய இழைகளை அது தொடவே தொடாது என்பதை ஒரு வருடம் கழித்து இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஒரு வருடம் நான் என்னையே வேவு பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையிலேயே மரக்கிறதா, நடிக்கிறேனா என்று.

உறுப்புக்குச் சேதம் இல்லாமல் அதன் இயக்கம் மட்டும் தடம் மாறுகிற நரம்புக் கோளாறும் உண்டு. அதுவும் நிஜமான நோய்தான், நடிப்பு இல்லை. ஆனால் ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அதைச் சொல்லிவிடக் கூடாது. அதற்கென்று அடையாளங்கள் உண்டு. படுக்க வைத்து ஒரு காலைத் தூக்கச் சொல்லி, பலமில்லாத காலின் குதிகால் தானாக அழுந்துகிறதா என்று கைவைத்துப் பார்ப்பார்கள். 1908இலிருந்து இருக்கும் சோதனை இது. அப்படியெல்லாம் பார்த்து ஒருவர் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். அவரை விட்டுவிட்டு அத்தை சொல்வதைக் கேட்க வேண்டாம். எலுமிச்சம்பழம் பாவம், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

அண்ணன் சொல்வதையும் தள்ள மாட்டேன். கொடைக்கானலில் பாதரசக் கழிவுப் பிரச்சினையால் 2001இல் மூடிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையை யாரால் மறக்க முடியும்? பாதரசம் நரம்பைக் கெடுக்கும் என்பது உண்மை. வீட்டில் யாராவது அங்கே வேலை செய்திருந்தால் சொல்லுங்கள். பூண்டுக்கு அடிக்கும் மருந்தின் பெயரையும் டப்பாவைப் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். ஆனால் அதுதான் காரணம் என்று நீங்களாக முடிவுகட்டிப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். டாக்டரின் கவனம் அதிலேயே நின்றுவிடும், கண்ணைப் பற்றிச் சொல்ல நேரம் இருக்காது.

எத்தனை நாள் இப்படி இருப்பது என்ற கேள்விக்கு என் அனுபவத்தைத்தான் சொல்ல முடியும். ஆறு வருடமாகியும் என் ஃபைலில் "காரணம் அறியப்படாத" என்றே எழுதியிருக்கிறது. ஆரம்பத்தில் மணிக்கொரு தடவை நோட்டில் எழுதினேன். எழுத எழுத, கால் என்னை ஆள ஆரம்பித்தது. அப்புறம் நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் ஞாபகம் வந்தது. நூறு வருடத்துக்கும் மேலாக அங்கே சூரியனைப் படம் பிடித்து வைக்கிறார்கள். 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை எவர்ஷெட் என்ற வானியலாளர் கண்டுபிடித்தது அங்கேதான். மேகம் மூடிய நாளில் படம் கிடையாது, அந்த இடம் காலி, அவ்வளவுதான். நானும் நாளுக்கு ஒரு வரி என்று வைத்துக்கொண்டேன். மனசு மூடிக் கிடக்கும் நாளில் காலி.

காலைக் கண்ணால் பார்த்துக்கொள்ளும் பழக்கம் வேண்டும். எங்கள் பண்ணைக்காட்டுப் பக்கம் மழைக்காலத்தில் அட்டை அதிகம். அட்டை கடிப்பது யாருக்குமே தெரியாது, ஊர்வதுதான் தெரியும். எனக்கு ஊர்வதும் தெரியாது, ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். கணப்புப் பக்கத்தில் இடது காலை நீட்டாதீர்கள், சுட்டாலும் தெரியாது. பெடலுக்கு வலது காலைப் பழக்குங்கள். வெந்நீர் வெதுவெதுப்பாகப் போதும்.

ஒன்றை மட்டும் நோட்டில் எழுதிவைத்துக் காத்திருக்கக் கூடாது. திடீரென்று வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது, பார்வை சட்டென்று போவது, மரப்பு இரண்டு காலிலும் மேலே ஏறிக்கொண்டே வருவது, சிறுநீர் வராமல் நின்றுபோவது, இதில் எது வந்தாலும் உடனே 108. பக்கவாதம் என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு. பூம்பாறையிலிருந்து கொடைக்கானல், அங்கிருந்து வளைவு வளைவாக வத்தலக்குண்டு வரை இறங்குவதற்குள் அதில் பெரும்பகுதி போய்விடும். விடியட்டும் பார்க்கலாம் என்பது மதுரைக்காரர்களுக்கே கட்டுப்படியாகாது.

டாக்டரிடம் போகும்போது எனக்கு எழுதிய கடிதத்தையே ஒரு தாளில் தேதி வாரியாக, கண்ணிலிருந்து ஆரம்பித்து எழுதிக்கொள்ளுங்கள். மூளை, கழுத்து ஸ்கேனும் பி12 ரத்தச் சோதனையும் தேவையா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. அந்த அரக்குச் சிவப்பில் வெட்டுத் துண்டு மிச்சமிருந்தால் அதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அவர் சிரிக்க மாட்டார். கண்ணில் விடும் மருந்துப் புட்டியின் சிவப்பு மூடியை இதே சோதனைக்குப் பயன்படுத்தும் டாக்டர்கள் இருக்கிறார்கள்.

அன்புடன்,
அக்கா